ஓமத் தண்ணீர்க் குப்பியில் போன ரத்தம்

ராசா,

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீ கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். பஸ் புறப்படுகிற அவசரம், பக்கத்தில் உன் பெரியாத்தா வேறு நின்றுகொண்டிருந்தாள். "என்னப் பெத்த ஒடனேயே வேண்டாம்னு சொன்னவுங்க, எனக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கு எந்த ரூமுன்னு இப்பவே பாக்குறீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். கையாட்டலாம் என்று காத்திருந்தேன். நீ பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாய். அது நேற்றைய பேப்பர் என்று வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பெற்ற அப்பச்சி சொன்னார்கள்.

நான் செய்ததை இல்லை என்று சொல்லவில்லை. பெண் வீட்டில் பேசி முடிக்கப் போன இடத்தில், தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே, சம்பந்தி அம்மாளிடம் "ஒங்க வீட்டுல பிள்ளைப்பேறுக்கு எந்த அறைங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாளுக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். எழுந்து போய் அந்த அறையைப் பார்த்து, மேலே இருந்த ஒரே சாளரத்தில் எலி வராமல் அடைத்து வைத்திருந்த சாக்கை ஸ்டூல் போட்டு ஏறி நானே பிடுங்கினேன். பட்டுச் சேலை முழுக்கத் தூசி. உன் பெரியாத்தா உடனே, "அவளுக்கு அது பழைய கோளாறு, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று சமாளித்தாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உன் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் பெரியாத்தா உன்னிடம் சின்ன வயசிலிருந்து என்ன சொல்லி வந்தாள் என்பது எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது எனக்குக் காற்றுச் சேஷ்டை பிடித்தது, புத்தி பிறழ்ந்தது, பெற்ற பிள்ளையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினேன், கோடாங்கி வந்து அடித்து ஓட்டினான். இதைத்தானே? அவள் பொய் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டதைச் சொன்னாள். இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருந்தேன். இத்தனை வருசம் நான் வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை ஆடி மாதம் காட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம். அதனால் இப்போது எழுதுகிறேன். முழுதும் படி. படித்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தால் வைத்துக்கொள், நான் கேட்க மாட்டேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருசம் கார்த்திகையில் நீ பிறந்தாய். உன் அப்பச்சி புதுக்கோட்டைக் காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். எங்கள் வீட்டு ஆண்களெல்லாம் பர்மாவிலும் மலாயாவிலும் கடை பார்த்தவர்கள். யுத்தத்தில் எல்லாம் போய் ஊர் திரும்பிச் சும்மா உட்கார்ந்திருந்தாலும், மாதச் சம்பளத்துக்குப் போகிற மாப்பிள்ளை என்றால் அவர்களுக்கு இளக்காரம்தான். "கண்ணாடித் துண்டைத் தொடச்சு வக்கிறதுக்கு ஒரு வேலையா?" என்று என் சித்தப்பா கேலி செய்வார். பிள்ளைப்பேற்றுக்கு வழக்கப்படி திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, என் ஆத்தா வீட்டுக்கு வந்தேன். உனக்கு ஆயா. நீ பார்த்த ஆயா பல் போன, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷி. நான் சொல்வது அதற்கு முந்தைய ஆத்தாவை. அவள் நில் என்றால் வீடு நிற்கும், நட என்றால் நடக்கும்.

அந்த வீட்டு வளவை, நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளை நீ பார்த்திருக்கிறாய். பெட்டகம் வைப்பதற்கென்றே கட்டியது போன்ற அறைகள். பர்மாத் தேக்குக் கதவு, கைத்தண்டி தாழ்ப்பாள், ஜன்னல் கிடையாது. உச்சியில் ஒரு சின்ன சாளரம் மட்டும். அதில் ஓர் அறைதான் பிள்ளைப்பேற்று அறை. எனக்கு முன்னால் என் அக்கா உண்ணாமலைக்கும் அதே அறையில்தான் பிரசவம் ஆனது. மார்கழிக் குளிரில் பிள்ளை பெற்றாள். கொஞ்ச நாளில் தலைவலி, வாந்தி, பிதற்றல் என்று ஆகி, பிள்ளையும் அவளும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்விட்டார்கள். ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். சாளரம் வழியாக வாடைக்காற்று பட்டுத்தான் ஜன்னி வந்தது என்று என் ஆத்தா முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த மகளுக்கு இப்படி ஆக விடமாட்டேன் என்று இருந்தாள்.

ஆகையால் நான் உள்ளே போவதற்கு முன்னாலேயே சாளரத்தில் பழந்துணியைத் திணித்து, மேலே சாணி போட்டு மெழுகிவிட்டாள். கதவிடுக்கில் கோணிச் சாக்கு. என் காதில் பஞ்சு. அறைக்குள் மண்சட்டியில் கரி நெருப்பு. கணப்புச் சட்டி என்போமே, அது ஒன்றுக்கு இரண்டு. அந்த வருசம் மழை விடவே இல்லை. உன் துணியெல்லாம் அந்த நெருப்பில்தான் காய்ந்தது. புகையே இல்லாத நல்ல கரியாகப் பார்த்து வாங்கிப் போட்டாள். புகை இருந்திருந்தாலாவது யாருக்காவது கண் எரிந்திருக்கும். என் ஆத்தா எதிலும் குறை வைக்காதவள், ராசா. என் மேல் வைத்த பாசத்திலும் ஒரு பொத்தல் விடவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் கதகதப்பாகத்தான் இருந்தது. அப்புறம் பொட்டில் அடிக்கிற தலைவலி. தின்றது நிற்காது. எழுந்தால் சுவர் சாயும். உன்னைப் பால் குடிக்கப் போட்டுவிட்டு எந்தப் பக்கம் போட்டேன் என்று மறந்துவிடும். ஒரு நாள் உன் பெயருக்குப் பதில் என்னவோ சொல்லிக் கூப்பிட்டேன் என்றார்கள், எனக்கு நினைவில்லை. "ஆத்தா, கதவக் கொஞ்சம் தெறந்து வய்யி, மூச்சு முட்டுது" என்று கேட்டேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உண்ணாமலையும் இதத்தான கேட்டா!" என்று சொல்லிக்கொண்டே நெருப்பில் இன்னும் ரெண்டு கை கரியை அள்ளிப் போட்டுவிட்டு, கதவை இன்னும் இறுகச் சாத்திக்கொண்டு போனாள்.

கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி சொன்னான். "வெளிய விடு வெளிய விடுன்னு கேக்குறது ஒங்க மகளில்லத்தா, உள்ள புகுந்திருக்குறது. அது சொல்லுறதக் கேட்டுக் கதவத் தெறந்தீகன்னா மகளையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்." இதற்கு மேல் நான் என்ன பேச? கதவைத் திற என்றால் பேய் பேசுகிறது. பேசாமல் கிடந்தால் பேய் அடங்கிக் கிடக்கிறது. அழுதால் பேய் அழுகிறது. வெளித் தாழ்ப்பாள் விழும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சில நாள் உன்னை உறவுக்காரர்களுக்குக் காட்ட முன்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே நீ முழித்துக்கொண்டு கையைக் காலை உதைப்பாயாம். திரும்ப என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டால் துவண்டுவிடுவாய். "பெத்தவ பக்கத்துல வந்தாலே பிள்ள வாடுதே" என்று பேசிக்கொண்டார்கள். நானே என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்க ஆரம்பித்தேன். அந்த நாட்களில் எனக்குப் பயம் பேயைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான்.

உன் அப்பச்சி சனிக்கிழமைகளில் வருவார்கள். தீட்டுக் கழியும் வரை மாப்பிள்ளை அந்தக் கதவுக்கு அருகில் வரக்கூடாது. முன்கூடத்தில் காப்பி கொடுத்து, உன்னை ஒரு துணியில் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் வீட்டில் அடிபட்ட பேச்சைக் கேட்டுவிட்டு, புதுக்கோட்டையில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைவலி, வாந்தி, மறதி, கூடவே கன்னம் மட்டும் நல்ல சிவப்பு என்று. அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, "ரூமுல கரி அடுப்பு வச்சிருக்காங்களா?" என்பதுதான். மூடிய அறையில் கரி எரிந்தால் நிறமும் வாடையும் இல்லாத ஒரு விஷவாயு வரும், அது ரத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்காற்றுக்கு இடம் விடாது, ரத்தம் மட்டும் பார்வைக்கு முன்னைவிடச் சிவப்பாக இருக்கும் என்று சொன்னார்களாம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிற குழாய் உங்கள் காலேஜில் இருக்குமே என்றும் கேட்டார்களாம். இருந்தது. விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய், ஸ்பெக்ட்ராஸ்கோப். என் சித்தப்பா கேலி செய்த கண்ணாடித் துண்டுதான் அதற்குள் இருந்தது.

நீ பி.எஸ்சி. படித்தவன், உனக்கு இது புதிதில்லை. ஆனாலும் எனக்குச் சொன்ன மாதிரி எழுதுகிறேன். தண்ணீரில் சில சொட்டு ரத்தம் கலந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழாய் வழியாகப் பார்த்தால் வானவில் பட்டையாகத் தெரியும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் இரண்டு கறுப்புக் கோடு நிற்கும். அது எல்லோர் ரத்தத்துக்கும் உண்டு. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஒரு மருந்தை அதில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால், நல்ல ரத்தத்தில் அந்த இரண்டு கோடும் கரைந்து ஒரே பட்டையாக ஆகிவிடும். கரி விஷம் ஏறின ரத்தத்தில் கோடு இரண்டும் கலையாமல் அப்படியே நிற்கும். அவ்வளவுதான் சோதனை.

உன் அப்பச்சி சண்டை போட்டு, வாடகைக் கார் வைத்து, என்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். உன்னை என் ஆத்தாவிடம் விட்டுவிட்டுப் போனேன், முன்கூடத்தில் வைத்துக்கொள்வாள் என்ற தைரியத்தில். திருமயம் கோட்டையைத் தாண்டும்போதே எனக்கு மண்டை லேசாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு ஒரு சிக்கலான பிரசவக் கேஸ். காலையில் போன நாங்கள் பொழுது சாயும் வரை வராந்தாவில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். நான் பசித்து இட்லி கேட்டு வாங்கித் தின்றேன், உன் அப்பச்சியைக் கேலி கூடப் பண்ணினேன். அப்புறம்தான் ரத்தம் எடுத்தார்கள். மருந்து விட்டு, உன் அப்பச்சி காலேஜிலிருந்து கொண்டுவந்திருந்த குழாய் வழியாகப் பார்த்தார்கள். இரண்டு கோடும் கரைந்து ஒன்றாகிப் போனது. உன் அப்பச்சி மறுபடி மறுபடி பார்த்தார்கள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, "கரி விஷம் இல்ல. பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு நரம்புத் தளர்ச்சி வரும், சத்தா சாப்பிடட்டும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பழைய அறைதான், பழைய நெருப்புத்தான். டாக்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு கோடாங்கியைத் தவிர யாரை நம்புவது? மாட்டிக்கொண்டேன், ராசா. அதுவரை இருந்த ஒரே வாசலும் அடைபட்டது போல இருந்தது.

மறுநாளே எனக்குப் பழையபடி வாந்தி. அந்த வாரம் உன் அப்பச்சியின் அண்ணன் பெண்டாட்டி, உன் பெரியாத்தா, வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புத்தி சரியில்லாதவளிடம் பச்சைப் பிள்ளையை விட்டுவைப்பது ஆகாது, நல்ல நாள் பார்த்துப் பிள்ளையை எடுத்துப் போகிறேன் என்றாள். நாளும் குறித்துவிட்டார்கள். நடுவில் கரிநாள் என்று நாலைந்து நாள் தள்ளிக் குறித்தார்கள். நாள் குறித்த அன்றைக்கே நீ பால் குடிக்கவில்லை. தொட்டால் முனகக்கூட இல்லை. அப்போதுதான் நான் கதவில் தலையை மோதிக்கொண்டு கத்தினேன்: "பிள்ளைய இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிருங்க! நாளும் வேண்டாம் கெழமையும் வேண்டாம், இப்பவே கொண்டு போங்க! இங்கிட்டுக் கெடந்தா செத்துருவான். நான் எப்புடிப் போனாலும் போறேன், அவன் மூச்சு விடட்டும்!" நான் சொன்னது இவ்வளவும். இதில் உனக்கு எந்த அளவு வந்து சேர்ந்தது என்று நீயே பார்த்துக்கொள். பெற்றவளே வேண்டாம் என்கிறாள், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று வெளியே பேசியது எனக்குக் கேட்டது. உன்னை அன்று பகல் முன்கூடத்திலேயே வைத்திருந்தார்கள், பொழுது சாய நீ முழித்து அழுதாய். அழுகைச் சத்தம் கேட்டு நான் உள்ளே சிரித்தேன். அதையும் பைத்தியம் சிரிக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்போடுதான் எனக்கு விளங்கியது. நீ வெளியே போனால் தெளிகிறாய், உள்ளே வந்தால் துவள்கிறாய். நானும் காரில் போனபோது தெளிந்தேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் என் கையில் குத்தி எடுத்தது தெளிந்த ரத்தம். அதில் என்ன கோடு தெரியும்? இந்த அறைக்குள் இருக்கும்போது எடுத்த ரத்தமல்லவா போக வேண்டும்? புத்தி பிறழ்ந்தவளுக்கு அவ்வளவு யோசனை போதும் என்று கடவுள் கொடுத்தான் போலிருக்கிறது. உனக்கு வாங்கி வைத்திருந்த ஓமத் தண்ணீர்க் குப்பி ஒன்று காலியாக இருந்தது. எனக்குக் குடிக்க வைத்த காய்ச்சி ஆறின தண்ணீரால் அதைக் கழுவி, கழுத்துவரை நிரப்பி, உன் துணியில் இருந்த ஊக்கைக் கழற்றி விரலில் குத்திப் பிழிந்து விட்டேன். ஒரு விரல் போதவில்லை. தக்கையை அழுத்தி, விளக்கில் மெழுகை உருக்கி வாயை அடைத்தேன்.

குப்பி தயார். யார் கொண்டுபோவது? பிள்ளைப்பேற்று அறையிலிருந்து ஒரு நூல்கூட வெளியே போகாது. துணி, மயிர், நகம் எல்லாவற்றையும் கொல்லையில் புதைத்துவிடுவார்கள். எவன் கையிலாவது கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவான் என்ற பயம். தீட்டு ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். என் ஆத்தா கஞ்சி கொண்டுவந்தபோது குப்பியை நீட்டினேன். அவள் பதறிப் பின்னால் போனாள். "ஏண்டி, ஒங்குடியக் கெடுக்கவா? ரத்தத்தக் குடுத்தா உசிரையே குடுத்த மாதிரிடி!" என்றாள். நான் கத்தவில்லை. கத்தினால் பேய் என்பாள். மெள்ளச் சொன்னேன்: "ஆத்தா, இத ஒம் மாப்பிள்ள கையில குடு. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருன்னா கோடாங்கி என்ன செஞ்சாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன். இருக்குன்னு சொல்லிட்டாருன்னா ஒம் பேரன் ஒன்ட்டயே இருப்பான். இதக் கொண்டு போகலைன்னா அவன் பெரியாத்தா அவன எடுத்துக்கிட்டுப் போயிருவாக, அம்புட்டுத்தேன்." பேரனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு இடத்தில்தான் அவளை அசைக்க முடியும் என்பதும் தெரியும். கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குப்பியை வாங்கி, வேப்பிலையும் வசம்பும் வைத்து மஞ்சள் துணியில் கட்டி, மடியில் செருகிக்கொண்டாள்.

தனியாக பஸ்ஸில் போனாள். அதுவரை அவள் துணையில்லாமல் பஸ் ஏறினதில்லை. காலேஜில் போய் மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசக்கூடாதே, நடுவில் ஆள் வேண்டும். லேபில் வேறு யாரும் இல்லை. அங்கிருந்த பீரோவைப் பார்த்து, "மாப்பிள்ளைட்ட இதக் குடுத்து, உள்ள எடுத்ததுன்னு சொல்லணும்" என்றாளாம். உன் அப்பச்சியும் அதே பீரோவிடம், "சரின்னு சொல்லணும்" என்றார்களாம். அவ்வளவு கலக்கத்திலும் இதைச் சொல்லும்போது உன் அப்பச்சிக்குச் சிரிப்பு வந்துவிடும். தன் விரலையும் குத்தி இன்னொரு கண்ணாடிக் குப்பியில் ரத்தம் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் மருந்து விட்டார்கள். அவர்களுடையதில் கோடு கரைந்து ஒன்றானது. என்னுடையதில் இரண்டு கோடும் அசையாமல் நின்றன. பித்தளைக் குழாயை பீரோ பக்கமாக நீட்டினார்கள். என் ஆத்தா வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு நிக்கிது" என்று மட்டும் சொன்னாளாம்.

டாக்டரம்மா அன்றைக்கே காரில் வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளி, கணப்புச் சட்டி இரண்டையும் முற்றத்து மழையில் கொட்டி, சாளரத்தைக் குச்சியால் குத்திப் பொத்தல் போட்டு, "இந்தக் கதவ இனிமே யாராவது சாத்துனா போலீஸக் கூப்புடுவேன்" என்று சத்தம் போட்டார்கள். வளவில் எங்களைக் கிடத்தினார்கள். நான் உன்னை மார்மேல் போட்டுக்கொண்டு மழைச்சாரல் முகத்தில் பட வாயைத் திறந்து மூச்சு விட்டேன். தீட்டை மறந்து உன் அப்பச்சி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உனக்கு இதை எப்போதோ சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் என் ஆத்தா முற்றத்தில் சிதறிக் கிடந்த கரியைப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் கரி. "ஏத்தா, ஒனக்கு நெருப்புலதான் இப்புடி ஆச்சுன்னா, உண்ணாமலையும் கதவத் தெறன்னுதான கத்துனா? அவளுக்கும் நாந்தான நெருப்பு மூட்டுனேன்?" என்று கேட்டாள். அழவில்லை. சும்மா கேட்டாள், அரிசி எத்தனை படி போடட்டும் என்பது போல. அவள் முகத்தை நான் பார்த்தேன், ராசா. என் வாயிலிருந்து ஆமாம் என்று ஒரு சொல் வந்தால் அவள் அதோடு முடிந்தாள். கிணறு கொல்லையில்தான் இருந்தது.

"இல்லாத்தா" என்றேன். "அவளுக்கு ஜன்னிதான், வைத்தியரே சொன்னாருல்ல. எனக்கு இருந்தது வேற. கோடாங்கி சொன்னது சரிதான், எம்மேல என்னமோதான் இருந்துச்சு. நீ வேப்பெல கட்டிக் கொண்டுபோனீல்ல, அதுலயே எறங்கிருச்சு." உன் அப்பச்சி தூணுக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தார்கள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்கள். என் ஆத்தா என் கன்னத்தைத் தடவினாள், கரி ஒட்டியது. "அதான பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டு எழுந்து போய் மிச்சக் கரியையும் அள்ளினாள். அந்த வாரமே கோடாங்கிக்குச் சேவல் கொடுத்தனுப்பினாள். பேய் பிடித்தவள் என்ற பெயரை யாரும் என் மேல் சூட்டவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் இரண்டுநாள் சுமக்க வேண்டிய பெயர் என்று நினைத்தேன். அது இறங்கவே இல்லை. என் தங்கைக்குப் பிரசவம் என்றால் அங்கே போய்ச் சாளரத்தைத் திறந்து, நெருப்புச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். கோளாறு என்றார்கள். சித்தப்பா மகளுக்கு, பங்காளி வீட்டு மருமகளுக்கு, எல்லா இடத்திலும் அப்படித்தான். காரணம் சொல்ல வழியில்லை. சொன்னால் சுற்றி வளைத்து அது என் ஆத்தாவின் காதுக்குத்தான் போகும். பைத்தியம் செய்கிறது என்றால் மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த அளவுக்கு வசதி. நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் அழுதுகொண்டு வந்து, "நீங்க என்ன வேண்டாம்னீங்களாமே?" என்று கேட்டாய். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. நான் பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். உன் அப்பச்சி அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. "எத்தன நாளைக்கு ஒங்க ஆத்தாளக் காப்பாத்த எம் பிள்ளைய அழ விடுவ?" என்றார்கள்.   அவளைப் பார்த்தால் உன் முகம் தெரியும், உன்னைப் பார்த்தால் அவள் முகம் தெரியும். அந்த அறையாவது திறந்தது, இது திறக்கவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டி மூச்சு முட்டுகிறது என்றால் அவளுக்கு என்ன கோளாறு என்று ஆராயாதே. அவள் இருக்கும் இடத்தில் போய் நீ கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று சுற்றிலும் பத்துப் பேர் சொன்னாலும் உட்கார்ந்து பார். அந்தச் சம்பந்தி அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். சாக்கைத் திரும்ப அடைக்க வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிட்டேன்.

ஆடியில் உன் ஆயாவை எடுத்தபோது கூடி உட்கார்ந்த பெண்கள், "பிள்ளைப்பேறு பாக்குறதுல அவளுக்கு ஈடு யாரு? ஒரு மகள வாரிக் குடுத்தாலும் இன்னொண்ண மீட்டுட்டாளே" என்று சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். மீட்டாள்தானே, அது பொய்யில்லையே. உண்ணாமலை சாமியாகிவிட்டாள், ஆத்தாவும் போய்விட்டாள். ஆனாலும் ஊரில் இதை நான் சொல்லப் போவதில்லை. என் தங்கை ஆத்தா படத்துக்கு இன்னும் பூ வைத்துக் கும்பிடுகிறாள், அது அப்படியே இருக்கட்டும். கல்யாணப் பந்தலிலும் யாராவது என்னைக் காட்டி எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள். நீ அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஊருக்கு நான் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன், பழகிவிட்டது. உனக்கு மட்டும், என் மிச்ச நாளுக்கு, புத்தி தெளிந்த அம்மாவாக இருக்க ஆசையாக இருக்கிறது, ராசா.